செங்கோடன்: ஒரு மலை ஆண்பெயரான வரலாறு

சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்கள் கூடும் காவிரிக்கரைச் சமவெளியில் ஆண்களுக்கு வழங்கிவரும் பழைய பெயர்களுள் ஒன்று செங்கோடன். செங்கோட்டையன், செங்கோட்டுவேல், செங்கோட்டுவேலன் என்பவை அதே அடியிலிருந்து கிளைத்தவை. சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி, மல்லசமுத்திரம், குமாரபாளையம் பக்கத்து ஊர்களில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் இவற்றுள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருவராவது இருப்பார். காவிரி கடைமடையிலோ தாமிரபரணிக் கரையிலோ இந்தப் பெயரைக் கேட்பது அரிது. வெளியூரில் ஒருவர் தம் பெயரைச் செங்கோடன் என்று சொன்னால், அவர் குடும்பம் எந்தப் பக்கத்தது என்று விசாரிக்க வேண்டிய தேவை இருக்காது.

பெயரின் பிறப்பிடம் திருச்செங்கோட்டு மலை. சங்ககிரியிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு. சங்ககிரி மலைக்கோட்டையும் திருச்செங்கோட்டு மலையும் சமவெளியில் தனித்தனியாக எழுந்து நிற்கும் பாறை மலைகள். நிர்வாகத்தில் இரண்டு ஊர்களும் நெடுங்காலம் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமானபோது திருச்செங்கோடு அங்கே போயிற்று, சங்ககிரி சேலத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் சங்ககிரி வட்டத்துக் குடும்பங்கள் கும்பிடும் மலை மாறவில்லை. சேலம் ஈரோடு ரயில் பாதையில் வருகிறவர்கள் செங்கோட்டு மலைக்குச் செல்ல இன்றும் சங்கரி துர்க்கம் நிலையத்தில் இறங்குவதுண்டு. சங்ககிரி ஊரின் ரயில் நிலையப் பெயர் அதுதான்.

கோடு என்றால் மலை, மலையுச்சி. யானையின் கொம்புக்கும் மரத்தின் கிளைக்கும்கூட அந்தச் சொல் உண்டு. நிமிர்ந்தோ நீண்டோ நிற்பதைக் குறிக்கும் சொல் அது. செம்மை நிறம் கொண்ட கோடு செங்கோடு. மலை ஏன் சிவந்தது என்பதற்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் யார் வலியவர் என்ற போட்டி மூண்டது. மேருவை ஆதிசேடன் தன் உடலால் இறுகச் சுற்றிக்கொள்ள, வாயு மோதியடிக்க, மேருவின் துண்டுகள் பெயர்ந்து விழுந்தன. ஆதிசேடனின் குருதி படிந்த துண்டு செங்கோடானது. பாம்போடு இந்த மலைக்குள்ள உறவு கதையோடு முடிவதில்லை. நாகமலை, நாககிரி, நாகாசலம் என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறும் வழியில், பாறைச் சரிவில் ஐந்து தலையோடு படமெடுத்த பெரிய நாகத்தின் சிற்பம் நீண்டு கிடக்கும். ஏறுகிறவர்கள் அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் தூவிக் கும்பிட்டுவிட்டு மேலே நடப்பார்கள்.

செங்கோடு என்ற இடப்பெயர் தமிழ் இலக்கியத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் குன்றக்குரவை முருகன் உறையும் இடங்களை அடுக்கும்போது செந்திலோடு செங்கோட்டையும் சேர்த்துச் சொல்கிறது. கண்ணகி விண்ணேறிய நெடுவேள் குன்றமே திருச்செங்கோடு என்பது உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் கருத்து. அந்த இடம் தமிழக கேரள எல்லை மலைத்தொடரில் உள்ளது என்போர் இன்று மிகுதி. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், அடியார்க்கு நல்லார் காலத்தில் திருச்செங்கோடு முருகன் மலையாகப் பெயர் பெற்றிருந்தது என்பது அவர் உரையிலிருந்தே தெரிகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து பாடியபோது ஊரின் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியதால் அவர் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடியதும் இந்த ஊரில்தான் என்பது சைவ மரபு.

ஆள்பெயரின் வடிவிலேயே செங்கோடன் என்று முருகனை அழைத்தவர் அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் இந்தத் தலத்துக்குத் திருப்புகழ்ப் பாடல்கள் பல பாடியிருக்கிறார். கந்தரலங்காரத்தில், இந்தச் செங்கோடனைக் கண்டு தொழ இரண்டு கண் எப்படிப் போதும், ஆயிரக்கணக்கில் படைத்திருக்க வேண்டாமா என்று பிரமனைக் குறை சொல்லும் பாடல் ஒன்று உண்டு. கொங்கு நாட்டுக் கோயில்களில் அதை மனப்பாடமாகப் பாடுகிற முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கந்தரனுபூதியில் இதே முருகன் நாகாசல வேலவன். மலையின் பெயர் மலைமேல் நிற்கும் தெய்வத்தின் பெயராக மாறிவிட்டதை இந்தப் பாடல்களில் பார்க்கலாம். தெய்வத்தின் பெயர் பிள்ளைக்குப் போவது அடுத்த படி. அந்தப் படியை எடுத்துவைத்தவர்கள் பெயர் தெரியாத எண்ணற்ற குடும்பத்தார்.

மலைக்கோயிலில் இருக்கும் தெய்வங்கள் மூன்று. மேற்கு பார்த்து நிற்பவர் ஆணும் பெண்ணும் பாதிப்பாதியான அர்த்தநாரீசுவரர். கிழக்கு பார்த்த சன்னதியில், வலக்கையில் வேலும் இடக்கையில் சேவலுமாக நிற்பவர் செங்கோட்டுவேலவர். ஆதிகேசவப் பெருமாளுக்கும் அங்கே இடம் உண்டு. வைகாசி விசாகத் தேர்நோன்பில் சாமிகள் மலையிறங்கி ஊருக்குள் வந்து தங்குவார்கள், தேரோட்டமெல்லாம் முடிந்தபின் மலையேறுவார்கள். அந்த நாட்களில் சுற்றுவட்டாரமே திருச்செங்கோட்டில் இருக்கும். குழந்தை வேண்டி இந்த மலையில் நேர்ந்துகொள்வது பழைய வழக்கம். உச்சியில் வறடிக்கல் என்ற பாறை இருக்கிறது. பிள்ளையில்லாத பெண்கள் உயிரைப் பணயம் வைத்து அதைச் சுற்றி வந்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி, சாமி பெயரையே வைத்துவிட்டு இறங்குவார்கள். பையன் என்றால் செங்கோடன் அல்லது அர்த்தநாரி.

பெயரின் வடிவங்களில் ஒன்று மட்டும் வெளியூர்க்காரர்களைக் குழப்பிவிடுகிறது. செங்கோட்டையன் என்ற பெயரைக் கேட்டதும் தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையோ தில்லிச் செங்கோட்டையோ நினைவுக்கு வருவது இயல்பு. இந்தப் பெயரில் கோட்டை கிடையாது. வீடு என்பது வீட்டு என்று ஆவதுபோல, கோடு வேறு சொல்லோடு சேரும்போது கோட்டு என்று ஆகும். செங்கோட்டு ஐயன் செங்கோட்டையன். செங்கோட்டு வேலன் செங்கோட்டுவேலன். இரண்டிலும் மலை ஒன்றுதான். இந்த வடிவத்தைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தவர் கோபிசெட்டிபாளையத்து அரசியல்வாதி கே. ஏ. செங்கோட்டையன். 1948இல் பிறந்த அவர் 1977இல் சத்தியமங்கலம் தொகுதியிலிருந்து முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குச் சென்றார். பிறகு கோபிசெட்டிபாளையத்தில் பலமுறை வென்றார். 2017 முதல் 2021 வரை பள்ளிக் கல்வித்துறை அமைச்சராக இருந்தார்.

அர்த்தநாரி என்ற பெயரும் தனியாகப் பேசத் தக்கது. பாதிப் பெண் என்று பொருள் தரும் சொல்லை ஆண்பிள்ளைக்கு வைக்க இந்த வட்டாரத்துத் தகப்பன்மார் ஒருநாளும் தயங்கவில்லை. பேச்சில் அது அத்தநாரி என்று தேய்ந்து, எழுத்திலும் அப்படியே ஏறியிருக்கிறது. சேலத்தில் பிறந்த கவிஞர் அர்த்தநாரீச வர்மா (1874–1964) இந்தப் பெயர் தாங்கியவர்களில் பலரும் அறிந்தவர். அர்த்தநாரிக்கு நேரான தமிழ் மாதொருபாகன். திருச்செங்கோட்டைக் களமாக்கிப் பெருமாள்முருகன் 2010இல் எழுதிய நாவலின் தலைப்பு அதுதான். அதன் தொடர்ச்சிகளில் ஒன்றுக்கு அவர் அர்த்தநாரி என்றே பெயரிட்டார்.

பெயர் ஒரு குடும்பத்துக்குள் நுழைவதற்கு நேர்த்திக்கடன் காரணம் என்றால், அங்கேயே தங்கிவிடுவதற்குக் காரணம் அப்பாரு. கொங்கு வழக்கில் அப்பாவின் அப்பா அப்பாரு, அம்மாவின் அப்பா அப்பச்சி. மூத்த பேரனுக்கு அப்பாரு பெயர் வைப்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. அடுத்தவனுக்கு அப்பச்சி பெயர். அதனால் செங்கோடனின் மகன் பழனியப்பன், பழனியப்பனின் மகன் செங்கோடன், அவன் மகன் மறுபடி பழனியப்பன் என்று இரண்டே பெயர்கள் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிடும். பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால் இந்த மாறிமாறி வரும் வரிசை கண்ணில் படும். எந்தச் செங்கோடன் எந்தப் பூமியை எழுதிக் கொடுத்தார் என்று கண்டுபிடிக்கத் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஊரில் நாலைந்து செங்கோடன்கள் இருந்தால் அடைமொழி வைத்துப் பிரிப்பார்கள். பெரிய செங்கோடன், சின்னச் செங்கோடன், தோட்டத்துச் செங்கோடன், மில்லுக்காரச் செங்கோடன்.

அப்பாரு பெயரை வைத்த வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற மகனுக்கே அந்தப் பெயர் என்றால் அவனை எப்படிக் கூப்பிடுவது? சாமி, கண்ணு, அப்புனு என்று அழைத்தே அந்தத் தாய்மார் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் வாத்தியார் பெயரைக் கேட்டால் தாய் சிரித்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார், அவர் சொல்வார். செங்கோடா என்று முழுப்பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிடும் உரிமை அப்பாருக்கும் அப்பாவைப் பெற்ற ஆத்தாளின் வயதொத்த கிழவிகளுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்களுக்கும்தான் முழுமையாக இருந்தது. இளையவர்களுக்கு அவர் செங்கோடண்ணன். கொஞ்சம் வயதானபின் ஊருக்கே செங்கோட்டைய மாமா.

இது ஒரு சாதிக்குள் அடங்கிய பெயராக இருந்ததில்லை. வெள்ளாமை செய்தவர்களும் தறி ஓட்டியவர்களும் கல் உடைத்தவர்களும் இந்த மலைக்கு நேர்ந்துகொண்டு இதே பெயரை வைத்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு மாறும், முன்னால் உள்ள செங்கோடன் மாறாது. ஆளுக்குச் சூட்டிய பெயர் திரும்பவும் ஊருக்குப் போனதும் உண்டு. ஈரோட்டை ஒட்டியுள்ள செங்கோடம்பாளையம் அப்படி ஒரு பெயர் தாங்கிய ஊர்.

செங்கோடன் தனித்த ஒரு பெயர் இல்லை, ஒரு பெரிய வழக்கத்தின் பகுதி. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் பெரும்பாலானவை சுற்றியுள்ள மக்களுக்கு ஆண்பெயர்களைக் கொடுத்திருக்கின்றன. அவிநாசி தந்தது அவிநாசியப்பன், அவிநாசிலிங்கம். கோவையில் கல்வி நிறுவனங்களைத் தோற்றுவித்த தி. சு. அவிநாசிலிங்கத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. கொடுமுடி தந்தது மகுடேசுவரன். பவானிக் கூடுதுறை தந்தது சங்கமேசுவரன். கரூர் பசுபதியையும் திருமுருகன்பூண்டி முருகநாதனையும் தந்தன. முருகன் மலைகளில் சென்னிமலை சென்னியப்பனையும் மருதமலை மருதாசலத்தையும் கொடுத்தன. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை தன் பெயரையே முழுசாகக் கொடுத்திருக்கிறது. கஞ்சமலை என்று பெயர் கொண்ட ஆண்களை அந்தப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலே பழனி. அங்கே இருந்து வந்த பழனிச்சாமியும் பழனியப்பனும் எந்த எல்லைக்கும் கட்டுப்படாமல் பரவிவிட்டார்கள். எடப்பாடிப் பருவதராஜகுல மக்கள் தைப்பூசத்தையொட்டி நடந்தே பழனி போய், இரவில் மலைமேலேயே தங்கும் உரிமையோடு வழிபட்டுத் திரும்புகிறவர்கள். அந்த ஊரில் பழனிச்சாமிகள் நிறைந்திருப்பதில் வியப்பு இல்லை. பழைய வாக்காளர் பட்டியலை எடுத்து ஆண்பெயர்களை மட்டும் வாசித்தால் எந்த ஊரார் எந்தக் கோயிலுக்கு வண்டி கட்டினார்கள் என்று தெரிந்துவிடும். எழுதப்பட்ட வரலாறு கிடைக்காத சிற்றூர்களுக்கு இது விலைமதிப்பற்ற சான்று. ஆய்வாளர்கள் இதன்பக்கம் இன்னும் கூடுதலாகத் திரும்ப வேண்டும்.

இடம் ஆளுக்குப் பெயராவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்பானிய மொழியின் ஹவியேர் என்ற ஆண்பெயர் இதற்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு. ஸ்பெயினின் வடக்கே நவார்ரா என்ற பகுதியில் ஹவியேர் என்றொரு கோட்டையும் சிற்றூரும் உள்ளன. பாஸ்கு மொழியில் புதுவீடு என்று பொருள்படும் எச்செபெரி என்ற சொல் திரிந்து அந்த இடப்பெயர் ஆனது. 1506 ஏப்ரல் 7 அன்று அந்தக் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ்கோ. ஊர்ப்பெயரைச் சேர்த்து அவரை பிரான்சிஸ்கோ ஹவியேர் என்றார்கள். இயேசு சபையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அவர் 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அதே ஆண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவரிடம் வந்து சேர்ந்தார். தமிழில் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கடலோரத் தீவு ஒன்றில் இறந்தார். 1622இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தபின், ஒரு கோட்டையின் பெயராக இருந்தது கத்தோலிக்க உலகின் ஆண்பெயர் ஆனது.

அந்தப் பெயர் தமிழுக்கு வந்ததும் தமிழாகவே மாறிவிட்டது. சவேரியார், சவரிமுத்து, சவரிராயன், சவரியப்பன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மீனவக் குடும்பங்களும் உழவர் குடும்பங்களும் அதற்குள் ஒரு ஸ்பானியக் கோட்டை இருப்பதை நினைத்திருக்க மாட்டார்கள். தமிழாராய்ச்சிக்கு உழைத்த பண்டித சவரிராயரின் பெயரும் அந்த மூலத்திலிருந்து வந்ததே. ஆங்கிலப் பள்ளிகள் பெருகியபின் சேவியர் என்ற ஒலிப்பு நகரங்களில் முந்திக்கொண்டது.

ஸ்பெயினில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிகுதியாக வைக்கப்பட்ட ஆண்பெயர்களில் ஹவியேரும் ஒன்று. தனியாகவும், பிரான்சிஸ்கோ ஹவியேர் என்று சேர்த்தும் வைத்தார்கள். வீட்டில் ஹவி என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். நடிகர் ஹவியேர் பார்தெம், அர்ஜென்டினாவின் அதிபர் ஹவியேர் மிலேய் ஆகியோர் அந்தப் பெயருக்கு உரியவர்கள். பார்சிலோனாவின் முன்னாள் கால்பந்து வீரர் சாவி எர்னாண்டஸின் பெயர் அதன் கட்டலான் வடிவம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நவார்ரா மக்கள் கூட்டம் கூட்டமாக ஹவியேர் கோட்டைக்குக் கால்நடையாகப் போகிறார்கள். எடப்பாடிப் பாதயாத்திரையைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. ஆனால் இன்றைய ஸ்பெயினில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஊகோ, மார்த்தின், மத்தேயோ, லூக்காஸ் என்ற பெயர்கள்தான் முன்வரிசையில் நிற்கின்றன. ஹவியேர் தகப்பன்மாரின் தலைமுறைக்கு உரிய பெயராகிவிட்டது.

செங்கோடனுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அது எந்தக் கட்டத்தில் ஊரின் சராசரி மனிதனைக் குறிக்கும் பெயராக இருந்தது என்பதற்கு இலக்கியச் சான்று ஒன்று இருக்கிறது. கல்கி எழுதிய ‘பொய்மான் கரடு’ நாவலின் நாயகன் பெயர் செங்கோடக் கவுண்டன். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், பாறை இடுக்கில் மான் நிற்பதுபோல் கண்ணுக்குத் தோற்றம் காட்டும் பொய்மான் கரடுதான் கதைக்களம். கிணறும் கொல்லையும் உயிரென்று வாழும் உழவன் ஒருவன் சினிமா மோகத்தில் சிக்கி அல்லல்படும் கதை. தஞ்சை மாவட்டத்துக்காரரான கல்கி இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார் என்று தேட வேண்டியதில்லை. 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குக்காக அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் ராஜாஜியோடு பணியாற்றக் கல்கி அந்த ஆசிரமத்தில் வந்து தங்கினார். ஆசிரமத்துக்கு நூல் கொண்டுவந்தவர்களிலும் பக்கத்துக் காடுகளில் ஏர் ஓட்டியவர்களிலும் செங்கோடன்களை அவர் தினமும் கண்டிருப்பார். வட்டாரத்து உழவனுக்குப் பொருத்தமான ஒரு பெயர் வேண்டும் என்றபோது அவர் கை சரியான பெயர்மேல் விழுந்தது.

பெயர் பின்வாங்கியது ஒரே நாளில் நடந்ததல்ல. முதல் அலை திராவிட இயக்கத்தோடு வந்தது. இளங்கோவன், அன்பழகன், தமிழ்ச்செல்வன், செங்குட்டுவன் என்று இலக்கியப் பெயர்கள் ஊருக்குள் நுழைந்தன. அடுத்து சினிமாவும் நகரத்துப் பள்ளிகளும் கொண்டுவந்த ரமேஷ், சுரேஷ், சதீஷ். அதற்கும் பிறகு வந்தவை எண்கணிதமும் நட்சத்திர எழுத்தும். பிறந்த நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் அப்பாரு பெயரை அப்படியே வைக்கும் வழக்கத்தை உடைத்துவிட்டது. அசுவினி நட்சத்திரத்துக்குரிய எழுத்துகளில் செகரமும் வரும். ஆகவே சாதகம் செங்கோடனை முற்றாகத் தடுக்கவில்லை. காதுக்குப் பழசாகப் பட்டதுதான் தடை. பழைய பேரு, கிராமத்துப் பேரு என்று பெற்றோர் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். வறண்ட பூமியை விட்டு லாரி, ரிக் வண்டி, விசைத்தறி, கோழிப்பண்ணை என்று உழைத்து முன்னேறிய தலைமுறை அது. தான் பட்ட பாட்டின் நினைவு எதுவும் பிள்ளையின் பெயரில் ஒட்டியிருக்கக் கூடாது என்று அது நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இழப்பு இழப்புதான்.

சங்ககிரியின் லாரிப் பட்டறைகளில் இந்த மாற்றம் ஒரே வண்டியில் எழுதப்பட்டிருக்கும். முன்கண்ணாடிக்கு மேலே, மஞ்சள் பட்டையில், கொழுத்த எழுத்தில் ஸ்ரீ செங்கோட்டுவேலவர் துணை அல்லது அர்த்தநாரீசுவரர் துணை. கதவருகே முதலாளியின் பெயர், அதற்கு முன்னால் தகப்பனுக்குரிய எழுத்து. பின்பக்கப் பலகையில் பூவேலைப்பாட்டுக்கு நடுவே பிள்ளைகளின் பெயர்கள்: கவின், தர்ஷன், ஹரிணி, யாழினி. பெயின்டர் முன்னாலிருந்து பின்னால் வருவதற்குள் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதி முடித்துவிடுகிறார்.

சங்ககிரிக்கே உரிய இன்னொரு பெயர் இதற்கு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1805 ஜூலை 31, ஆடிப்பெருக்கு அன்று சங்ககிரிக் கோட்டையில் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட மாவீரன் தீரன் சின்னமலைக்குப் பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. மைசூர் அரசுக்குப் போன வரிப்பணத்தைப் பறித்தபோது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல் என்றாராம். அந்தச் சொல்லே பெயராக நிலைத்தது என்பது மக்கள் வழக்கு. இதிலும் மலைதான் பெயருக்கு மூலம். இன்று தீர்த்தகிரி என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் குறைவு, சின்னமலை என்று வைப்பவர்களும் மிகச் சிலரே. அடைமொழியாக முன்னால் நின்ற தீரன் மட்டும் கழன்று வந்து இளந்தலைமுறைப் பெயராகிவிட்டது. 2017இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திரைப்படமும் அந்தப் பெயரைக் கொங்குக்கு வெளியே கொண்டுபோயிற்று. மூன்று பெயர்களில் மலை இல்லாதது எதுவோ அது பரவியிருக்கிறது.

செங்கோட்டு முருகன் விஷயத்தில் நடந்ததும் அதுவே. குடும்பங்கள் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. இப்போது மேலே வரை சாலை இருப்பதால் முன்னைவிட அடிக்கடி போகிறார்கள். மொட்டையும் காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. பிள்ளைக்கு முருகன் பெயர் வைப்பவர்களும் ஏராளம். ஆனால் அது கார்த்திக், சரவணன், குகன், ஸ்கந்தா, வேலன் என்று எந்த ஊருக்கும் பொதுவான முருகனாக இருக்கிறது. சாமி தங்கிவிட்டார், ஊர் விலகிவிட்டது. மகுடேசுவரனுக்கும் அவிநாசியப்பனுக்கும் கஞ்சமலைக்கும் இதே நிலைதான்.

பழைய பெயர் முழுதாக அற்றுப்போய்விடவில்லை. நாற்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கு அது முன்னெழுத்து. செ. என்று தமிழிலோ எஸ். என்று ஆங்கிலத்திலோ கையெழுத்துக்கு முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டுக்கு முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்லும்போது பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் மகன்மார் சிலரின் பெயரோடு செங்கோடன் முழு வடிவில் வந்து சேர்ந்துகொள்கிறது. சில குடும்பங்கள் இரட்டைப் பெயர் வைக்கின்றன. கோயிலில் வைக்கும்போது செங்கோட்டுவேலன், பள்ளிக்கூடத்துக்கு வேறொன்று. பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும் அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கப் பிறப்பு இறப்புப் பதிவு விதிகள் இடம் தருகின்றன. சான்றிதழில் ஏறுவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெயர். அப்பாருவும் ஆத்தாளும் கூப்பிடுவது மற்றதை.